இலையுதிர்ந்த புதர்க்காடும் தரிசுக் கணக்கும்

(ஸ்ரீ விஜயபுரம் லம்பா லைனில் அலுவலர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் இத்தீவிலே நின்று வறண்ட புதர்க்காட்டைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். காடு என்றால் வானுயர்ந்த கர்ஜன் மரங்கள் என்று கண்டு பழகியவர்கள் நீங்கள். ஆயினும், உங்களுள் சிலர் நாளை பெருநிலத்திற்கு மாற்றலாகிச் செல்லக்கூடும். அங்கே நிலப்பயன் அறிக்கைகளில் கையொப்பமிட நேரும்.

நீலகிரியின் வடக்கு, வடகிழக்கு அடிவாரங்களை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிடுகிறது. மறுபுறத்தில் சீகூர் மேட்டுநிலமும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் மழைமறைவில் கிடக்கின்றன. உசிலை, இலந்தை, விடத்தலை, முட்கிளுவை ஆகியவை அங்கு மிகுதி. கோடையில் கிளுவை இலைகளை அறவே உதிர்த்துவிடும். இலை வழியே நீர் ஆவியாவதைத் தடுக்கும் உபாயம் அது. அதன் பசிய தண்டே ஓரளவு உணவு தயாரித்துக்கொள்கிறது. முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். புதர்களின் இடைவெளியில் வளரும் புல்லை நம்பியே வெளிமான் வாழ்கிறது. ஊராரின் ஆடுமாடுகளும் அப்படியே. கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு உயிர்வேலியாக நிற்பதும் இதே கிளுவைதான்.

நமது கணக்கோ வேறு. விதான அடர்த்தி 10 சதவீதத்திற்குக் குறைவான வனநிலத்தை இந்திய வன அளவை நிறுவனம் ‘புதர்’ என்று தனியே குறிக்கிறது. காட்டுப்பரப்பின் கூட்டுத்தொகையில் அது சேர்வதில்லை. தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர்நிலம் ஓர் இனமாக இடம்பெறுகிறது. கணக்கெடுப்புக்கு இவ்வகைப்பாடு தேவைதான். ஆனால் ‘தரிசு’ என்று எழுதிய மாத்திரத்தில், ‘பயன்படுத்துக’ என்ற குறிப்பும் கூடவே வந்துவிடுகிறது. நானும் பல கோப்புகளில் அவ்வாறே எழுதியவன். அந்நிலத்தைக் கோடையில் மட்டும் கண்டதே காரணம்.

விளைவுக்குச் சான்று சீமைக்கருவேலம். விறகுக்கும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் நாட்டின் பல பகுதிகளில் பரப்பப்பட்ட அயல்மரம் அது. கால்நடைகள் தின்ற நெற்றுகளின் வழியே மாயாற்றங்கரைக்கும் பரவி, புல்வெளியை மூடி, வெளிமானின் திறந்த வெளியைச் சுருக்கிவிட்டது. அயல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது.

அகற்றிய இடத்தில் எதை நடுவது என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் எதையும் நட வேண்டியதில்லை என்பது என் கருத்து. புல்லும் உசிலையும் தாமே எழ இடமளித்தால் போதும். மீண்டும் முளைக்கும் கருவேலக் கன்றுகளைப் பிடுங்க மட்டும் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கூலிக்கு நிதி ஒதுக்க வேண்டும். திட்ட மதிப்பீடுகளில் விடுபட்டுப்போகும் இனம் அதுவே.