மழைக்காலமும் மறுகரை உறவும்



பத்தாண்டு நிறைவினைக் கொண்டாடும் இவ்வவையில் 'நெய்தலும் வடசென்னையும்' பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். கடலளவு விரிந்த பொருள் அது. அதில் ஒரு கைப்பிடி நீரை மட்டும் முகந்து தர விழைகிறேன். மழைக்காலத்தில் உறவினரைக் காணப் புறப்படுவோர், கழியை ஓடத்தில் கடந்த பயணமே அது.

நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல் என்பதை நாம் அறிவோம். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனார் முதலிய புலவர்கள் காட்டும் உலகில், கழி என்பது கண்ணுக்கினிய காட்சி மட்டுமன்று. இருவர்க்கிடையே கிடக்கும் தடையும் அதுவே. சுறா திரியும் கழியை இரவில் நீந்தி வரவேண்டா என்று தோழி தலைவனைத் தடுப்பாள். கடத்தற்கரிய நீர் இருப்பதனாலேயே கடந்து வருபவனின் அன்பு அளக்கப்படுகிறது. இது புலவர் கற்பனை மட்டும்தானா? எண்ணூர்க் கழியை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. ஆனால் அது மேற்கே வாலாசாவை நோக்கிச் சென்றது. வடக்கே செல்வோர்க்கு அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நீர்வழி ஒன்று இருந்தது. 1806இல் தொடங்கப்பெற்று, முதலில் கொக்ரேன் கால்வாய் என வழங்கிய அது, பின்னர் பழவேற்காட்டுக்கும் அப்பால் நீண்டது. 1877–78 பஞ்ச காலத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. உப்பும் விறகும் நெல்லும் சென்ற அவ்வழியே பெண் கொடுத்தோரும் பெண் எடுத்தோரும் சென்றனர்.

இடையே திருவொற்றியூர் இருக்கிறது. உறவைத் துறந்த பட்டினத்தார் அடங்கிய கடற்கரை அவ்வூரில்தான் உள்ளது. பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சங்கிலியார்க்குச் சூளுரைத்த சுந்தரர், ஆரூரையும் பரவையாரையும் நினைந்து அச்சூளை மீறி எல்லை கடந்தபோது கண்ணிழந்ததும் அவ்வூரில்தான் என்கிறது பெரியபுராணம். உறவை விட்டவர் ஒருவர்; உறவை நாடிச் சென்று ஒளியிழந்தவர் மற்றொருவர். பயணத்தின் விலையை இவ்வூரைவிட நன்கறிந்த ஊர் வேறு எது?

இனிக் கழிமுகத்துக்கு வருவோம். 1944இல் கட்டிமுடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரும் கொசத்தலையாறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழை பெருகும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் ஆறு தள்ளும், கடல் எதிர்க்கும். ஓதம் ஏறும் வேளையில் நீரோட்டம் தளரும். வற்றத்தின்போது ஆற்று வெள்ளமும் இறங்குநீரும் ஒன்றுகூடி முகத்துவாரத்தை நோக்கிப் பாயும். அப்போது துடுப்பும் கோலும் பயன்படா. ஓடக்காரர் நேரே மறுகரையை நோக்கிச் செலுத்துவதில்லை. கரையோரமாக மேலேறிச் சென்று, நீரோட்டம் கீழே இழுக்க இழுக்கச் சாய்வாகக் கடந்து, குறித்த துறையில் சேர்ப்பார். பிழைத்தால் அடுத்த துறை கடல்தான்.

அறுபதுகளின் பிற்பகுதியில், நான் சிறுவனாக இருந்தபோது, மறுகரைக் குப்பத்தில் என் பெரியம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கொட்டும் மழையில் இராயபுரத்திலிருந்து பேருந்தில் புறப்பட்டோம். சாலையில் முழங்கால் நீர். உப்பளங்கள் வரப்பின்றி ஒரே ஏரியாய்க் கிடந்தன. நாங்கள் துறையை அடைந்தபோது வற்றம். அக்காளின் முகத்தைக் காணவேண்டும் என்று என் தாய் அழுதார். ஓடக்காரர் அசையவில்லை. கரையில் ஒரு குச்சியை நட்டு, நீர் அதில் ஏறும்வரை பொறுக்கச் சொன்னார். பனையோலைக் குடையின் கீழ் நெடுநேரம் இருந்தோம். குச்சி பாதி மறைந்தபின் ஓடம் புறப்பட்டது. நேரம் கடந்துவிட்டது என்றே எண்ணினோம். ஆனால் மறுகரையில் பாடை எடுக்கப்படவில்லை. வற்றம் இன்னது, ஓதம் இன்னது என்று அவர்களும் அறிவார்களே! தங்கை எந்நேரம் வரமுடியும் என்பதைக் கடலைக் கொண்டே கணக்கிட்டுக் காத்திருந்தார்கள்.

அன்பர்களே, இரு கரையும் ஒரே நீரைப் படிக்கத் தெரிந்திருந்தமையால் அந்தக் காத்திருப்பு கைகூடிற்று. இன்று நிலை என்ன? 1970 முதல் அனல்மின் நிலையங்கள் எழுந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. பின்னர்க் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்தது. சாலைகள் வந்தன, வேலையும் சிலர்க்கு வந்தது. அவற்றை வேண்டா என்று சொல்ல நான் வரவில்லை. நோயாளியைச் சுமந்து துறையில் நின்றவர்க்குத்தான் சாலையின் அருமை தெரியும். ஆயினும் சாம்பல் படிந்து கழியின் ஆழம் குறைந்தது. படகு மிதந்த இடத்தில் கால் புதைகிறது. வெள்ளம் விரிந்து செல்ல இருந்த சதுப்பும் உப்பளமும் சுருங்கின. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், இக்கழியிலும் அலையாத்திச் செடிகளிலும் வலைகளிலும் படகுகளிலும் கருமையாய்ப் படிந்ததைக் கண்டோம். உறவைச் சுமந்த நீர் அன்று சுமந்தது அதனைத்தான்.

நீரைக் கடக்க வேண்டாதவன் நீரைப் பார்ப்பதில்லை. பார்க்காத நீருக்காகப் பேசுவாரும் இல்லாது போகின்றனர். இலக்கிய வட்டம் இதில் என் செய்யும் எனக் கேட்கலாம். மண்ணை அள்ளி ஆழப்படுத்தல் நம்மால் இயலாது. சொல்லை அள்ளிக் காத்தல் இயலும். அடுத்த பத்தாண்டில் குப்பந்தோறும் சென்று, நீரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும், காற்றுக்கும், துறைக்கும், மண்திட்டுக்கும் முதியவர்கள் வழங்கும் பெயர்களைத் தொகுப்போம். கழி எங்கே ஆழமாயிருந்தது என்பதற்கு அப்பெயர்களே ஒருநாள் சான்றாக நிற்கும். சங்கப் பாடலுக்கு உரை எழுதும் நாம், அப்பாடல் பிறந்த நீருக்கும் ஓர் உரை எழுத வேண்டாமா?