தைமஸ் சுரப்பியும் குழந்தையின் இதயமும்

2021ஆம் ஆண்டில் திருப்பதியில் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை திறக்கப்பட்டது. பிறவியிலேயே இதயக் குறையுள்ள மகவைத் திருப்பதிக்கோ வேலூருக்கோ எடுத்துச் செல்லும் பெற்றோர் சித்தூர்ப் பகுதித் தமிழரிடையேயும் உளர். அன்னார் அறிய வேண்டுவதொரு செய்தியை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

மார்பெலும்பின் பின்னே, இதயத்தின் மேற்பகுதியைப் போர்த்தினாற்போல் அமைந்திருப்பது தைமஸ் சுரப்பி. குழந்தைப் பருவத்தில் இது பெரிதாக இருக்கும்; பின்னர் மெல்லச் சுருங்கும். திறந்த இதய அறுவையின்போது, இதயம் நன்கு புலப்படுவதற்காக இதன் ஒரு பகுதியையோ பெரும்பகுதியையோ மருத்துவர் அகற்றுவதுண்டு.

முன்னாளில் இச்சுரப்பியைப் பயனற்றதென்றே கருதினர். 1961ஆம் ஆண்டில் லண்டனில் ஆராய்ந்த ஜாக் மில்லர், பிறந்தவுடனே இதனை இழந்த சுண்டெலிகள் நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றி நலிவதைக் கண்டார். நம்மைக் காக்கும் டி உயிரணுக்கள் இங்கேதான் பக்குவம் பெறுகின்றன.

இவற்றின் மூல அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றி, இரத்தத்தின் வழியே வருகின்றன. அலிபிரியினின்று மலையேறுவோர்க்குப் படிவரிசை வழிகாட்டுவது போல, இவற்றுக்கு மூலக்கூறுகள் வழிகாட்டுகின்றன. சிசிஎல்-25, சிசிஎல்-21 போன்ற புரதங்கள் சுரப்பிக்குள் ஈர்க்கின்றன. உள்ளே 'நாட்ச்' என்னும் குறிப்பு, டி உயிரணுவாகுமாறு ஏவுகின்றது.

அதன்பின் இரு சோதனைகள். உடலின் அடையாளப் புரதங்களை அறிந்துகொள்ள இயலாத அணு, சுரப்பியின் புறப்பகுதியிலேயே மடியும். தேறியவற்றைச் சிசிஎல்-21 உட்பகுதிக்கு அழைக்கின்றது. அங்கே, 1997ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஒரு மரபணுவின் ஏவலால், இன்சுலின் முதலாக உடலின் பல உறுப்புகளுக்குரிய புரதங்களும் காட்டப்படுகின்றன. அவற்றைப் பகையெனக் கருதி வன்மையாகப் பற்றும் அணுக்கள் பெரும்பாலும் அழிகின்றன. சில, பிற அணுக்களை அடக்கியாளும் காவலராகின்றன. இக்காவலரைப் பற்றிய ஆராய்ச்சிக்கே 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 100 அணுக்களில் 5க்கும் குறைவானவையே தேறி வெளியேறுகின்றன. அந்த மரபணு பழுதுற்றாலோ, உடல் தன் சுரப்பிகளையே தாக்கத் தொடங்கும்.

இத்துணைச் சிறப்புடைய உறுப்பை அகற்றலாமோ என ஐயுற்று அறுவையைத் தள்ளிப்போடுதல் தகாது. இதயக் குறையோ உடனடி உயிரிடர். தைமஸோ குழந்தை பிறக்குமுன்னரே பல டி உயிரணுக்களை உடலெங்கும் அனுப்பிவிடுகின்றது. எஞ்சிய பகுதி மீண்டும் வளர்வதும் உண்டு. எனினும், அத்தகைய குழந்தைகளுள் பலரிடம் டி உயிரணுக்கள் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கவை மூன்று. தைமஸ் எவ்வளவு அகற்றப்பட்டதென மருத்துவரைக் கேட்டறிதல். அக்குறிப்பைப் பேணிவைத்து, பின்னர்ப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுதல். அவர் அறிவுரைப்படி தடுப்பூசிகளைத் தவறாது இடுவித்தல். இதயத்தைக் காத்த பெற்றோர் இதனையும் மறவாதிருப்பாராக.