செருப்பும் மருந்துதான்

(உத்திரமேரூர் வட்டத்துக் கிராமம் ஒன்றில், வாசகர் வட்டத்து இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "எனக்கு நாத்து நடத்தான் தெரியும், நான் என்னத்தப் பேச?" என்று கேட்டேன். "உங்க காலைப் பத்திப் பேசுங்க பெரியம்மா" என்றார்கள். அதனால் காலைப் பற்றியே பேசுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், நூறுநாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்து அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். "ஆயா, வீடெல்லாம் ரத்தம்!" என்று பேத்தி கத்தினாள். திரும்பிப் பார்த்தால் வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் என் கால்தடம். உள்ளங்காலில் வேலிக்காத்தான் முள் முறிந்து நின்றது. எப்போது ஏறியது என்றே தெரியவில்லை. வலிக்கவே இல்லை.

அதற்கு முன்பே ராத்திரியில் பாதம் எரியும். நடந்தால் பஞ்சை மிதிப்பதுபோல இருக்கும். தனியார் கிளினிக் ஒன்றில் மூன்று முறை காட்டினேன். அந்த டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே சத்து ஊசியும் வலி மாத்திரையும் எழுதினார். ஒருமுறைகூட என் காலைத் தொடவில்லை. சாதி பார்த்தாரா, நேரம் இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் காலைத் தொடாமல் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

முள் குத்திய புண் ஆறவில்லை என்று செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். ஒரு இளம் டாக்டரம்மா என் காலைத் தூக்கித் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டார். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். பல இடங்களில் தெரியவில்லை. நரம்புப் பாதிப்பு என்றார். சர்க்கரை நோய் முதலில் நீளமான நரம்புகளைத்தான் கெடுக்குமாம், அதனால்தான் கால்விரலில் ஆரம்பிக்கிறது. எல்லா மரத்துப்போதலும் சர்க்கரையால் வருவதில்லை என்றும் சொன்னார். வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் அந்த பி12 குறையலாம். சாராயத்தாலும் வரும், தொழுநோயாலும் வரும். அதனால் மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தொழுநோய் என்றதும் நம் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் எனக்கு ஒன்றைப் படித்துக் காட்டினார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பால் பிராண்ட் 1947-இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு வந்தார். எல்லாரும் ஒதுங்கிப் போன காலத்தில், விரல் மடங்கிய ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்தப் பிடியில் அவருக்கே வலித்தது. கை செத்துப்போகவில்லை என்பது அப்போது புரிந்தது. சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டுத்தான் விரல் போகிறது என்பதைப் பிறகு உலகத்துக்குச் சொன்னார். அவரும் தொட்டதால்தான் கண்டுபிடித்தார். உணர்ச்சி போன பாதத்துக்காகத் தொழுநோயாளிகளுக்குச் செய்த மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் போடச் சொல்கிறார்கள்.

எனக்கும் அதையே எழுதினார்கள். "வீட்டுக்குள்ளயும் செருப்பு போடுங்க, வெறுங்கால்ல ஒரு அடிகூட வைக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் அம்மா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைத் தாண்டியவள். அது ஏதோ பழங்கதை என்று நினைக்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989-இல். பொது இடத்தில் செருப்புப் போட விடாமல் தடுப்பதும் குற்றம் என்று 2015-இல் திருத்தம் போட்டு எழுத வேண்டியிருந்தது. நடக்காத ஒன்றுக்கு யாராவது சட்டம் போடுவார்களா?

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ராத்திரி படுக்கும் முன் பாதத்துக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். காலை வெந்நீரில் ஊற வைப்பதில்லை. செருப்புக்குள் கல், முள் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துத்தான் போடுகிறேன். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். புண் ஆறும்வரை நடைப்பயிற்சி வேண்டாம் என்றார்கள், கேட்டேன். ஆறிய பிறகு தினமும் அரைமணி நேரம் நடக்கிறேன். நடவு வேலையை விட்டேன், சேற்றில் செருப்போடு நிற்க முடியாதே. அந்தக் கூலி போனது போனதுதான்.

நடப்பதற்குச் சமமான சிமெண்டு ரோடு ஊர்த்தெருவில்தான் இருக்கிறது. அதில்தான் செருப்போடு நடக்கிறேன். முதல் வாரம் திண்ணையிலிருந்து, "என்ன, ராஜநடையா?" என்று ஒரு குரல் வந்தது. "டாக்டர் சீட்டு" என்றேன். அதற்குப் பிறகு சத்தமில்லை. ஆனால் யோசித்தேன், சீட்டு இல்லாவிட்டால் எனக்கு அந்தத் தெருவில் உரிமை இல்லையா?

இங்கிருந்து செங்கல்பட்டுக்குப் போய்வர ஒருநாள் கூலி போகிறது, பஸ் காத்திருப்பு தனி.  2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்லது. மாத்திரை கொடுக்கும்போதே காலையும் தொட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்த நைலான் இழை இருக்கட்டும். எம்.சி.ஆர். செருப்பும் மருந்தைப்போல இலவசமாகக் கிடைக்கட்டும்.

இதைக் கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். நிலமும் வேதமும் உள்ளவர்களின் பெயர்தான் அந்தக் குடத்தில் விழுந்தது. நம் பெயர் விழவில்லை. இன்றைய கிராம சபையில் நமக்கு வாக்கும் குரலும் இருக்கின்றன. அந்த வாக்கு அண்ணல் எழுதிக் கொடுத்த உரிமை.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் ஆயா, தாத்தா, அம்மா, அப்பா காலைத் தூக்கி மடியில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். "தெரியுதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஜெய் பீம்.