விளைவிக்கிறவன் வீட்டில் சோகை ஏன்?

(சிறுவாச்சூர் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உர விலை, கொள்முதல் விலை பற்றி நாம பேசாத கூட்டமில்லை. இன்னைக்கு நம்ம வீட்டுச் சோத்துப்பானையைப் பற்றிப் பேசணும். அதுவும் விவசாயப் பிரச்சினைதான்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்லுது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 25 பேருக்கு வயசுக்கேத்த உயரம் இல்லை. இன்னொரு பக்கம், நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023ல் வெளியிட்ட ஆய்வு.

2011 முதல் ரேஷனில் இலவச அரிசி. அதை நாங்க குறை சொல்லலை. பட்டினியைப் போக்கிய அரிசி அது. ஆனா வயிறு நிறைவது வேறு, உடம்பில் சத்து சேர்வது வேறு.

இது புதுச் சங்கதியும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே குன்னூரில் மெக்காரிசன் என்ற மருத்துவர், பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தார். ரொட்டி, பால், பருப்பு, காய் தின்ன எலி கொழுத்தது. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணச் சாப்பாட்டு எலிதான் கடைசி!

100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10தான். கம்பில் இரும்புச் சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு.

பிறகு ஏன் கம்பையும் சோளத்தையும் வரகையும் விட்டோம்? வாங்க ஆளில்லை, விட்டோம். மக்காச்சோளம் போட்டோம், அது கோழித் தீவனத்துக்குப் போகுது. 2025-26க்குக் கேழ்வரகு குவிண்டாலுக்கு 4886 ரூபாய், கம்புக்கு 2775 ரூபாய் ஆதார விலை அறிவிச்சாங்க. கொள்முதல் செய்ய ஆள் வராத ஊரில் அது காகித விலைதானே?

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சிறுதானியத்துக்கு இடம் இருக்கு. 2023ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுத்தாங்க. அங்கே முடிஞ்சது இங்கே ஏன் முடியாது?

தாய்மார்களே, ஒரு வார்த்தை. கேழ்வரகு மட்டும் சோகையைத் தீர்க்காது. பருப்பும் கீரையும் வேணும். சாப்பிட்ட கையோடு டீ குடிச்சா இரும்புச் சத்து உடம்பில் சரியா ஒட்டாது. வெறுங்காலோடு காட்டில் நடந்தா கொக்கிப்புழு ஏறி ரத்தத்தை உறிஞ்சும். எல்லாரும் தின்ன பிறகு மிச்சத்தைத் தின்னும் பழக்கத்தை விடுங்க. ஆம்பளைகளும் இதைக் காதில் வாங்கணும்.

அரசிடம் நாம கேட்பது:

* பெரம்பலூர், ஆலத்தூர், வேப்பூர், வேப்பந்தட்டை ஒன்றியங்களில் சிறுதானியக் கொள்முதல் நிலையம் திற!
* ஆதார விலைக்குக் குறையாமல் வாங்கு!
* வாங்கியதை ரேஷன் கடை, அங்கன்வாடி, சத்துணவுக் கூடத்துக்குக் கொடு!

நம்ம காட்டில் விளைஞ்சது நம்ம பிள்ளை தட்டுக்கு வரட்டும். ஒன்றுபடுவோம்! போராடுவோம்!