பூனைதானே என்று இருந்துவிடலாமா?

(பிள்ளைக் காப்பகத்தில் தாய்மாருக்கு ஆற்றிய உரை)



நமது லயங்களில் பல காம்பிராக்களில் பூனை உண்டு. மாவையும் அரிசியையும் எலி நாசமாக்கும்போது பூனை நமக்கு வேண்டிய பிராணிதான். பிள்ளைகளுக்கும் அது விளையாட்டுத் துணை. ஆனால் அதே பூனை பிள்ளையின் கையைப் பிறாண்டிவிட்டால் என்ன செய்கிறோம்? "பூனைதானே, நாயா கடிச்சிச்சு?" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

விசர்நாய்க்கடி நோய் என்று பெயர் இருப்பதால் அது நாயால் மட்டும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நோயுள்ள நாய் பூனையைக் கடித்தால் பூனைக்கும் அது வரும். கிருமி இருப்பது எச்சிலில். பூனை தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் அல்லவா? ஆகவே கடியால் மட்டுமல்ல, பிறாண்டலாலும் கிருமி உடம்புக்குள் போக இடமுண்டு. நோய்க்குறி தோன்றிய பிறகு பிழைப்பது மிக மிக அரிது. அதற்கு முன்பே முறையாக ஊசி போட்டால் தடுத்துவிடலாம். 1885ஆம் ஆண்டு பிரான்சில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி, விசர்நாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார். அவன் பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்தே வழி இருக்கிறது. பிந்திவிட்டால்தான் வழி இல்லை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கழுவுங்கள். பீலியிலோ பைப்பிலோ ஓடும் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம் நன்றாகக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் எதுவும் பூசக் கூடாது.

இரண்டாவது, அன்றே வைத்தியரிடம் போங்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டலாம். அவர் இல்லாவிட்டால் நேரே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே ஊசிக்குக் காசு இல்லை. எந்த ஊசி, எத்தனை என்பதையும் ஏற்பு ஊசி தேவையா என்பதையும் வைத்தியர் தீர்மானிப்பார். முன்பு வயிற்றைச் சுற்றிப் போட்ட ஊசி இப்போது இல்லை, கையில்தான் போடுகிறார்கள். சொன்ன திகதிகளில் தவறாமல் போய் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

"ஒருநாள் பேர் போயிடுமே" என்று யோசிப்பீர்கள். நமக்குத் தெரியாததல்ல, அந்த ஒருநாள் சம்பளம் அடுப்பெரிக்கும் காசு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். போன பேரை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். போன பிள்ளையை?

மூன்றாவது, பூனையை அடித்துக் கொல்லவோ காட்டில் கொண்டுபோய் விடவோ வேண்டாம். சாப்பாடு வைத்து 14 நாள் கவனித்துப் பாருங்கள். சாப்பிடாமல் இருட்டில் ஒதுங்குகிறதா, எச்சில் வடிக்கிறதா, காரணமில்லாமல் பாய்கிறதா, காணாமல் போய்விட்டதா? உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். செத்துவிட்டால் வெறுங்கையால் தொடாமல், புதைக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். பூனையைப் பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம் என்று நீங்களாகவே தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று. பிறாண்டி ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு அக்குளிலோ கழுத்திலோ கட்டி வந்து காய்ச்சலும் இருந்தால், அது பூனை நகத்தால் வரும் வேறொரு கிருமியாக இருக்கலாம். வைத்தியரிடம் போகும்போது பூனை பிறாண்டியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பூனை சும்மா பிறாண்டாது. வாலை இழுத்தால், சாப்பிடும்போது தொட்டால், குட்டி போட்ட நேரம் கிட்டப் போனால், உடம்பில் காயம் இருந்தால் பிறாண்டும். காதை மடக்கி வாலைச் சுழற்றி அடித்தால் "என்னை விடு" என்று அர்த்தம். அப்போது விட்டுவிட வேண்டும். அடித்தால் இன்னும் பயந்து பிறாண்டும். கையை ஆட்டி விளையாட்டுக் காட்டாமல், கயிற்றில் துணி கட்டி ஆட்டச் சொல்லுங்கள். ஒரு கட்டையில் பழைய சாக்கைச் சுற்றி வைத்தால் அதில் நகத்தைத் தீட்டிக்கொள்ளும். நகத்தின் கூரான நுனியை மட்டும் வெட்டலாம். உள்ளே சிவந்த இடத்தில் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாய்க்குப் போடுவதுபோல் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும்.

பிள்ளைகள் ஏச்சுக்குப் பயந்து காயத்தை மறைப்பதுண்டு. அதுதான் பெரிய ஆபத்து. சொன்ன பிள்ளையை ஏச வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். பாஸ்டர் காலமான செப்டெம்பர் 28ஆம் திகதி உலக விசர்நாய்க்கடி நோய் தினமாக நினைவுகூரப்படுகிறது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று பின்னேரம் காம்பிராவுக்குப் போனதும் பிள்ளைகளிடம் அன்பாக ஒரு வார்த்தை கேளுங்கள்: "பூனை எங்கேயாவது பிறாண்டிச்சா, கண்ணு?"