வாசலில் நிற்கும் எஞ்சின்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பயணமும் இலக்கியமும்' என்னும் பொதுத் தலைப்பில் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ஜப்பான் சென்று வந்தவள் என்பதால் செர்ரிப் பூவையும் ஹைக்கூவையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். பூவைப் பற்றிச் சிறிது பேசுவேன். ஆயினும் நான் சொல்ல வந்தது ஒரு புகைவண்டி எஞ்சினைப் பற்றி.

எனக்குப் போர்க்கருவிகள்மேல் தீராத ஆசை உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முனைவர் பட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருளே புறத்திணைப் பாடல்களில் படைக்கருவிகள் என்பது. வேலின் இலை, வாளின் பிடி, கிடுகின் தோல் என்று ஐந்தாண்டு அலைந்தவள். எந்தக் கோட்டைக்குப் போனாலும் பீரங்கியின் வாயை முழம் போட்டுப் பார்க்காமல் திரும்பமாட்டேன். பாட்டுப் படிக்கிறவளுக்கு இந்த இரும்பில் என்ன இருக்கிறது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

2019இல் டோக்கியோவில் பணிபுரியும் தம்பியின் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். யாசுகுனி ஆலயத்தை ஒட்டியுள்ள யூஷூகான் என்னும் போர் அருங்காட்சியகத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்து ஒரு நாள் சென்றேன். குதான்ஷிதா நிலையத்தில் இறங்கி மேடேறினால் 25 மீட்டர் உயரமுள்ள எஃகுத் தோரணவாயில் நம்மை அண்ணாந்து பார்க்கச் செய்கிறது. 1869இல் தோன்றிய இவ்வாலயத்தில் போர்களில் மாண்ட ஏறத்தாழ 24 இலட்சத்து 66 ஆயிரம் பேர் தெய்வங்களாக வணங்கப்படுகின்றனர். சிலை இல்லை, உடல் இல்லை, பெயர்கள்தாம். அப்பெயர்களுள் போர்க்குற்ற விசாரணையில் முதல்நிலைக் குற்றவாளிகள் எனப்பட்ட 14 பேரை 1978இல் சேர்த்ததால் எழுந்த பூசல் இன்றும் ஓயவில்லை. அதை விரிப்பின் நேரம் போதாது.

அருங்காட்சியகம் 1882இல் தொடங்கப்பெற்றது. நுழைவுக்கூடத்திற்குக் கட்டணம் இல்லை. உள்ளே கால் வைத்ததும் பச்சை நிற 'ஜீரோ' போர்விமானம். ஜப்பானியர் தம் அரச மரபாண்டு 2600ஆகக் கணக்கிட்ட 1940இல் படையில் சேர்ந்ததால், ஆண்டின் கடைசி இலக்கமே அதற்குப் பெயராயிற்று. எடையைக் குறைப்பதொன்றே குறி என்று கொண்டு, ஓட்டுபவனைக் காக்கும் கவசத்தகட்டையும் விட்டுவிட்டு ஹொரிகோஷி ஜிரோ என்பவர் வடிவமைத்த விமானம் அது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

அதே கூடத்தில் ஒரு கரிய நீராவி எஞ்சினும் நின்றது. சி56 வகை, 31ஆம் எண். துடைத்து மெருகேற்றி வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்று தம்பியைப் படம் எடுக்கச் சொன்னேன். விளக்கப் பலகையைப் படிக்கவில்லை. மாடியில் வாள்கள் இருப்பதாகச் சொன்னார்கள், ஓடிவிட்டேன்.

வாள்களைப் பார்த்து முடித்து, கீழிறங்கும் வழியில் பெரிய கூடத்திற்கு வந்தேன். அங்கே ஒற்றை ஆளை உள்ளே அடைத்து அனுப்பும் 'கைத்தென்' என்னும் நீர்மூழ்கிக் குண்டு இருக்கிறது. மேலே தொங்குவது மனிதன் செலுத்தும் பறக்கும் குண்டின் மாதிரி. அதன் பெயர் 'ஓகா'. செர்ரிப் பூ என்று பொருள். 1944 அக்டோபரில் முதன்முதலில் புறப்பட்ட தற்கொலைத் தாக்குதல் பிரிவுகள் நான்கிற்கும் பெயர்கள், 18ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் மோதோரி நோரினாகாவின் பாடல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் பாடியவர், தம் சொற்கள் விமானம் ஏறும் எனக் கனவிலும் கருதியிருக்கமாட்டார். கவிஞர்கள் நிறைந்த அவை இது என்பதால் சொல்கிறேன். உடனே எனக்கு நம் வெட்சியும் கரந்தையும் தும்பையும் வாகையும் நினைவுக்கு வந்தன. போருக்குப் பூவின் பெயர் சூட்டுவதில் நாம் அவர்களுக்கு முன்னோர் அல்லவா? இத்தனை ஆண்டு அத்திணைகளை வகுப்பில் விளக்கியவள், அதை ஒருநாளும் விந்தையாக நினைத்ததில்லை.

இறுதி அறைகளில் மாண்டவர்களின் நிழற்படங்கள் ஆயிரக்கணக்கில், தபால்தலை போலச் சிறியனவாக, சுவர்முழுதும் இருந்தன. ஒவ்வொன்றின்கீழும் பெயர். ஒரு கண்ணாடிப் பேழையில் மணக்கோலப் பொம்மைகள். மணமாகாமல் மாண்ட மகனுக்கு மணமகளாகத் தாய்மார் கொடுத்தவை. அங்கே என் ஆர்வமெல்லாம் அடங்கிவிட்டது. நாட்டின் கொள்கை எதுவாயினும் தாயின் வயிறு ஒன்றுதான் என்று நின்றேன். அப்பொம்மைகளுக்குமுன் நான் கலங்கியது உண்மை. அக்கலக்கத்தோடுதான் நுழைவுக்கூடத்திற்குத் திரும்பினேன்.

தம்பி காப்பி வாங்கச் சென்றிருந்தான். அப்போதுதான் எஞ்சினின் பலகையைப் படித்தேன். 1936இல் செய்யப்பட்டது, போர்க்காலத்தில் தாய்லாந்திற்கு அனுப்பப்பட்டது, தாய்லாந்து–பர்மா இரயில்பாதையின் திறப்புவிழாவில் ஓடியது, அப்பாதையில் பணியாற்றிய ஜப்பானியர் பணம் திரட்டி 1979இல் மீட்டுவந்து ஆலயத்திற்கு அளித்தனர். அவ்வளவே. அப்பாதைக்காக மாண்டவர் பற்றி நான் படித்த ஆங்கில வரிகளில் ஒரு சொல்லும் இல்லை.

அவையோர்க்கு அதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சயாம் மரண இரயில் என்று நம்மவர் சொல்வது இதைத்தான். தாய்லாந்தின் நோங் பிளாடுக் தொடங்கிப் பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அம்மாதம் 25ஆம் நாள் கொங்கொய்தாவில் விழா. மாண்ட போர்க்கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் 90,000 அளவினர் என்பது பரவலான மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். கூலியும் அரிசியும் தருவதாக ஆசைகாட்டியும், வராதவரை வளைத்துப் பிடித்தும் வண்டியேற்றினர். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய மருத்துவர்களேனும் இருந்தனர். கூலிகளின் முகாம்களில் அதுவும் இல்லை. இன்னொன்று. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சயாமில் பதித்தார்கள். மலாயாவில் இரயில்பாதை போட்டவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியர் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த இரும்பு எத்தனை முறை நம்மவர் தோளேறியது என்பது விளங்கும்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தார். கங்காணியோடு மலாயா போனவர். 1942க்குப் பிறகு கடிதம் இல்லை. போர் முடிந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர், "சயாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்று மட்டும் சொன்னாராம். இறந்த திதி தெரியாததால் மகாளய அமாவாசையன்று பொதுவாக எள்ளும் நீரும் இறைப்பார்கள். எங்கள் வீட்டில் அவர் 'சயாம் தாத்தா'. அந்த எஞ்சின் பக்கத்தில்தான் சிரித்துக்கொண்டு படம் எடுத்திருந்தேன்.

வெளியே வந்தபோது தோட்டத்தில் ஒரு கல்லைத் தம்பி காட்டினான். டோக்கியோ விசாரணையில் மற்ற நீதிபதிகளோடு மாறுபட்டு, குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரையும் விடுவிக்கவேண்டும் எனத் தீர்ப்பெழுதிய வங்காளத்து ராதாபினோத் பாலுக்கு 2005இல் எழுப்பிய நினைவுக்கல். ஆக, இந்தியரின் பெயர் அங்கே இல்லாமல் இல்லை.

ஜப்பானியரைக் குறைகூறி அமர்ந்துவிடுவது எளிது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. அடையாளம் தெரிந்தோர்க்கெல்லாம் பெயர் பொறித்திருக்கிறார்கள். 'குவாய் நதிப் பாலம்' திரைப்படம் 1957இல் உலகமெங்கும் ஓடியது. இலங்கையில் எடுத்த படம். தோட்டத்துத் தமிழனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நாம் என்ன செய்தோம்? மலேசியாவின் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' எழுதினார். இருபதாண்டாக வகுப்பெடுக்கும் நான் இவ்விரண்டில் ஒன்றையும் மாணவியர்க்கு அறிமுகம் செய்ததில்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று வீரனுக்குக் கல்லெடுக்கும் ஆறு துறைகளை மனப்பாடமாகச் சொல்வேன். ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்குப் பெயரும் பீடும் எழுதிய மரபு, படைக்குச் சோறு சுமந்தவனுக்குக் கல் நட்டதா என்ற கேள்வியை என் ஆய்வேட்டின் எந்தப் பக்கத்திலும் நான் எழுப்பவில்லை.

2023இல் தாய்லாந்துவாழ் தமிழர்கள் முயன்று, காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் அத்தொழிலாளர்க்கு நடுகல் எழுப்பினார்கள். அச்செய்தியைப் படித்த அன்றுதான் பழைய படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். "சக்கரம் ரொம்பப் பெரிசு" என்றார். சயாம் தாத்தாவின் பெயர் என்ன என்று கேட்டேன். என் வாழ்நாளில் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன். நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் தம் மாமாவின் பெயரையும், அவர் தகப்பனார் பெயரையும், ஊரையும் எழுதித் தந்தார். பெயரின் கடைசி எழுத்தில் ஐயம் வந்து, அடித்து மீண்டும் எழுதினார்.

வரும் விடுமுறையில் காஞ்சனபுரி செல்ல எண்ணியிருக்கிறேன். நோங் பிளாடுக்கிலிருந்து நாம் தோக் வரை, ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு அப்பாதையில் இன்றும் வண்டி ஓடுகிறது. தாளைக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.