ஸ்பானும் செயினும் மற்றையோரும்



பேஸ்போல் என்பது அமெரிக்க மக்கள் தமது தேசிய விளையாட்டாகப் போற்றிவரும் ஆட்டம். அவ்வாட்டத்தின் அபிமானிகளிடம் என்றும் ஓயாத முறைப்பாடு ஒன்று உண்டு. “எங்கள் அணியில் பந்தை அடிப்போருக்குக் குறைவில்லை. ஆட்டத்தைத் தொடக்கிவைக்கும் எறிவாளர்தாம் நம்பத்தக்கவராயில்லை. இன்று எதிரியை ஓர் ஓட்டமும் பெறவிடாது அடக்குகின்றனர், நாளை, ஆட்டம் சூடேறுமுன்னரே அனைத்தையும் இழந்துவிடுகின்றனர்” என்பதே அம்முறைப்பாடு. இவ்விளையாட்டின் அபிமானிகளுள் நானும் ஒருவன். ஆதலின் இம்முறைப்பாட்டில் எவ்வளவு நியாயம் உண்டென்பதை, 1948ஆம் ஆண்டிற் புகழ்பெற்றிருந்த ஓர் அணியின் வரலாற்றைக் கொண்டு ஆராய விரும்புகிறேன். அதுவே பொஸ்டன் பிரேவ்ஸ் அணி.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். கிறிக்கெற் ஆட்டத்திற் பந்துவீச்சாளர் பலர் மாறிமாறி வீசுவர். ஒருவர் ஓய்ந்து நின்று, பின்னர் மீண்டும் பந்தைக் கையிலெடுக்கலாம். பேஸ்போல் ஆட்டத்திலோ ஒருவரே தொடக்க எறிவாளராக நின்று, ஆட்டத்தின் ஒன்பது பகுதிகளிலும் இயன்றவரை எறிவார். அவர் களைத்தாலோ, எதிரிகள் அவர் பந்தை ஓயாது அடிக்கத் தொடங்கினாலோ, முகாமையாளர் அவரை நீக்கி இன்னொருவரை அனுப்புவார். ஆட்டத்திலிருந்து ஒருமுறை நீக்கப்பட்டவர் அவ்வாட்டத்திற்கு மீளமுடியாது. எனவே தொடக்க எறிவாளர் யாரென்பதே அன்றைய ஆட்டத்தின் போக்கைப் பெரும்பாலும் நிர்ணயிக்கும்.

இத்தகைய ஆட்டங்கள் ஓர் ஆண்டில் 154 நடைபெற்றன. (1960களின் தொடக்கத்திலிருந்து அத்தொகை 162 ஆயிற்று.) அக்காலத்தில் ஏப்ரில் மாதந் தொடக்கம் ஒக்டோபர் முற்பகுதிவரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் இருந்தது. ஆயின் முழுப் பலத்தோடு நூற்றுக்கு மேற்பட்ட பந்துகளை எறிந்த கை மறுநாளே அவ்வேலையைச் செய்யாது. மூன்று நாளோ நான்கு நாளோ ஓய்ந்திருத்தல் வேண்டும். அதனால் ஒவ்வோர் அணிக்கும் நால்வர் அல்லது ஐவர் தொடக்க எறிவாளர் இன்றியமையாதவர். அவர்களுள் இருவர் சிறந்தவராயும் ஏனையோர் சாமானியராயும் இருப்பின் அணி என்னவாகும் என்பதே நமது கேள்வி.

ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் எறிவாளர் ஒருவரின் பெயரில் எழுதப்படுவது இவ்விளையாட்டின் வழக்கம். அது முற்றிலும் நீதியான வழக்கமென்று நான் கொள்வதில்லை. எறிவாளர் நன்றாக எறிந்தும் துணைவர் பந்தை அடிக்கத் தவறின், தோல்வி அவர் பெயரிலேயே விழும். எனினும் இவ்வழக்கத்தாற் பெறப்படும் கணக்கேடு, பின்வந்தோர் ஆராய்வதற்கு நல்ல சாதனமாகும்.

இனி அணியின் கதைக்கு வருவோம். பிரேவ்ஸ் அணி நாஷனல் லீக்கிற் கடைசியாக முதலிடம் பெற்றது 1914இல். அதன்பின் 33 ஆண்டுகள் அவ்விடம் அதற்கு எட்டாக்கனியாயிருந்தது. 1947இல் அணி மூன்றாம் இடத்தை எய்தியது. அவ்வாண்டில் எறிவாளர் இருவர் பெரும்புகழ் ஈட்டினர். ஒருவர் வாரன் ஸ்பான், இடக்கையால் எறிபவர். மற்றவர் ஜோனி செயின், வலக்கையால் எறிபவர், வளைந்துசெல்லும் பந்தில் வல்லவர். இருவரும் அவ்வாண்டில் ஆளுக்கு 21 ஆட்டங்களை வென்றனர்.

1948 செப்டெம்பரில் பிரேவ்ஸ் அணி முதலிடத்துக்கு மும்முரமாகப் போராடிக்கொண்டிருந்தது. அம்மாதம் 6ஆந் தேதி புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணியுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் ஸ்பான் 14 பகுதிகள் வரை தாமே நின்று எறிந்து, 2-1 என வென்றார். இரண்டாவதில் செயின் எதிரிகளுக்கு ஓர் ஓட்டமும் ஈயாது வென்றார். தொடர்ந்த நாட்களிலும் இவ்விருவருமே மாறிமாறி எறிந்தனர். 12 நாட்களுள் எட்டு ஆட்டங்களை வென்று, ஒன்றிலும் தோற்றிலர்.

இந்நாட்களிலேதான் ‘பொஸ்டன் போஸ்ட்’ பத்திரிகையின் விளையாட்டுப் பகுதியைச் சேர்ந்த ஜெரால்ட் ஹேர்ன் என்பார் வேடிக்கையாக ஒரு சிறு பாட்டை வெளியிட்டார். ஸ்பானும் செயினும் எறிந்து முடித்தபின், மழை பெய்து ஆட்டம் தடைப்படுமாயின் நல்லது, அவ்விருவரும் இளைப்பாறி மீண்டும் எறிய வருவர் என்பது அதன் கருத்து. இப்பாட்டு சுருங்கித் தேய்ந்து ஒரு பழமொழிபோல் அமெரிக்கா எங்கும் பரவியது. இரண்டு திறமைசாலிகளையும் பல சாமானியரையும் கொண்ட எந்த நிறுவனத்தையும் சுட்டுவதற்கு அமெரிக்கர் இதனை எடுத்தாள்வதுண்டு.

ஒரு பாட்டினால் இருவர் அமரரானார்கள். நல்லது. ஆனால் அதே பாட்டினால் மற்றையோர் மழைக்கும் தாழ்ந்தவர் ஆனார்களன்றோ? அது நியாயந்தானா? கணக்கேட்டைப் பார்ப்போம்.

1948இல் செயின் 24 ஆட்டங்களில் வென்றார், 15இல் தோற்றார். ஸ்பான் 15இல் வென்றார், 12இல் தோற்றார். இருவரையும் சேர்த்தால் வெற்றி 39, தோல்வி 27. அணி முழுவதற்கும் வெற்றி 91, தோல்வி 62. எனவே தொடக்க எறிவாளரும் இடையிற் புகுந்து உதவியோருமாகிய மற்றையோர் அனைவரின் கணக்கு, வெற்றி 52, தோல்வி 35. வீதாசாரத்தை நோக்கின், புகழ்பெற்ற இருவரும் நூற்றுக்கு 59 வீதம் வென்றனர்; பாட்டினால் ஒதுக்கப்பட்டோர் நூற்றுக்கு 60 வீதத்தை அண்மி வென்றனர். மழையை வேண்டி நின்றவர்கள் வேண்டியிருக்கவே தேவையில்லை!

முந்திய ஆண்டோடு ஒப்பிட்டால் உண்மை இன்னும் தெளிவாகும். 1947இல் இருவரும் 42 வெற்றி, 22 தோல்வி. மற்றையோர் 44 வெற்றி, 46 தோல்வி. அதாவது மற்றையோர் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே வென்றனர். அடுத்த ஆண்டில் இருவரின் வெற்றி குறைந்தது. மற்றையோரின் வெற்றி பெருகியது. அணியும் மூன்றாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு உயர்ந்தது. உயர்த்தியவர் யாரென்று நான் கூறவும் வேண்டுமா?

அந்த மற்றையோருள் இருவரைக் குறிப்பிடல் தகும். ஒருவர் பில் வோய்செல். தென் கரோலினா மாநிலத்தில் ‘தொண்ணூற்றாறு’ என்ற விநோதப் பெயருடைய ஊரைச் சேர்ந்தவர். அதனால் தம் சட்டையிலும் 96 என்ற இலக்கத்தையே அணிந்தவர். 1948இல் இவர் 13 ஆட்டங்களில் வென்று 13இல் தோற்றார். அபிமானிகள் இத்தகையவரையே ‘நிலையற்றவர்’ என்று ஏசுவர். ஆனால் இவர் முறைதவறாது வந்து தம் பங்கை எறிந்தமையாலன்றோ மற்றையோரின் கைகள் ஓய்வு பெற்றன? மற்றவர் வேர்ன் பிக்போர்ட். அவ்வாண்டிலேதான் பெரிய லீக்கிற் காலடி வைத்த இவர் 11இல் வென்று ஐந்தில் மட்டுமே தோற்றார்.

ஒக்டோபரில் உலகத் தொடர் வந்தது. எதிரிகள் கிளீவ்லண்ட் இந்தியன்ஸ் அணியினர். முதலாட்டத்தில் கிளீவ்லண்டின் பொப் ஃபெலர் பொஸ்டன் வீரருக்கு இரண்டே அடிகளைக் கொடுத்தார். ஆயினும் செயின் 1-0 என வென்றார். இரண்டாவதில் ஸ்பான் 4-1 எனவும், மூன்றாவதிற் பிக்போர்ட் 2-0 எனவும், நான்காவதில் செயின் 2-1 எனவும் தோற்றனர். ஐந்தாவது ஆட்டம் கிளீவ்லண்ட் நகரில் 86,288 பேர் முன்னிலையில் நிகழ்ந்தது. அதில் ஸ்பான் இடையிற் புகுந்து எதிரிகளை அடக்க, பொஸ்டன் 11-5 என வென்றது. ஆறாவதில் வோய்செல் தொடக்க, ஸ்பான் உதவிக்கு வர, 4-3 எனத் தோற்றுத் தொடரையும் இழந்தது.

மூன்றாம் ஆட்டமும் ஆறாம் ஆட்டமும் கைநழுவியதைக் காட்டி, “பாட்டு மெய்யாயிற்று பாருங்கள்” என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்கு என் மறுமொழி இது. தோற்ற நான்கு ஆட்டங்களிலும் பொஸ்டன் வீரர் பெற்ற மொத்த ஓட்டங்கள் ஐந்தே. அவற்றுள் இரண்டில் செயினும் ஸ்பானுமே தொடக்க எறிவாளர். தொடர் முழுவதிலும் இரு அணிகளும் பெற்ற ஓட்டங்கள் சமமாகப் பதினேழு பதினேழு. ஆகவே குறை எறிந்த கைகளில் அன்று. அடிக்கத் தவறிய மட்டைகளில். துணைவர் ஓர் ஓட்டமும் பெறாத நாளிற் பிக்போர்ட் அல்லர், வேறெவர் எறிந்திருப்பினும் வெல்லுதல் இயலாது.

அடுத்த ஈராண்டுகளும் என் கருத்துக்கு அரண் செய்கின்றன. 1948இல் செயின் லீக்கில் வேறெவரினும் மிகுதியாக, 314 பகுதிகளுக்கு மேல் எறிந்திருந்தார். 28 ஆட்டங்களை முதலிலிருந்து முடிவுவரை தாமே எறிந்து முடித்திருந்தார். 1949இல் அவரது கணக்கு 10 வெற்றி, 17 தோல்வி! ஸ்பான் 21 வென்றும், பிக்போர்ட் 16 வென்றும் பயனின்றி, அணி நான்காம் இடத்துக்கு இறங்கியது. நேற்றுவரை நிலையான தூணென்று கொண்டாடப்பட்டவரே இன்று நிலையற்றவரானார். ஒரு கையின்மீது அளவுக்கு மிஞ்சிப் பாரத்தை ஏற்றிவிட்டு, அது தளரும்போது தூற்றுதல் முறையோ?

1950இல் ஸ்பான் 21, செயின் 20, பிக்போர்ட் 19 ஆட்டங்களை வென்றனர். பிக்போர்ட் ஓகஸ்ட் மாதம் 11ஆந் தேதி, புறூக்ளின் அணி ஓர் அடியும் பெறாவண்ணம் ஒரு முழு ஆட்டத்தை எறிந்து முடித்தார். முன்பு மழைக்கு ஒப்பாகக் கூறப்பட்ட கூட்டத்தில் ஒருவரன்றோ அவர்! மூவருமாக 60 வெற்றிகள். இத்தகைய மூவரைப் பெற்ற அணி முதலிடத்தை எய்தியிருக்கும் என்று எவரும் எண்ணுவர். ஆயின் எஞ்சியோர் 23 வென்று 27இல் தோற்றனர். அணி மீண்டும் நான்காம் இடத்திலேயே நின்றது. மூன்று பேராற்றலாளர் இருந்தும் கிட்டாத வெற்றி, இரண்டாண்டுகளின் முன் பெயர் பரவாத பலரின் சீரான உழைப்பினாற் கிட்டியது.

இவற்றிலிருந்து நான் கொள்ளும் முடிவுகள் இரண்டு. முதலாவது, ஓர் அணியின் எறிபலத்தை அதன் சிறந்தவரைக் கொண்டு அளத்தல் தவறு. நான்காவது, ஐந்தாவது எறிவாளரைக் கொண்டே அளத்தல் வேண்டும். சிறந்தவர் ஐந்து நாளுக்கு ஒருமுறையே வருவார். ஏனைய நாட்களும் ஆட்ட நாட்களே. இரண்டாவது, நிலையின்மை எனப்படுவது பல வேளைகளில் எறிவாளரின் குணக்குறையன்று. ஓய்வின்மையும், துணைவரின் தளர்வும், நினைவில் நின்ற ஓரிரு தோல்விகளும் சேர்ந்து நமக்குக் காட்டும் தோற்றமே அது. இக்காலத்து முகாமையாளர் ஐவரை வரிசையாகப் பயன்படுத்தி, ஒருவரையே ஆட்டம் முழுதும் எறியவிடாது காப்பதற்கும் இவ்வறிவே காரணமெனலாம்.

இரட்டையர் 1951இற் பிரிந்தனர். செயின் நியூ யோர்க் யாங்கீஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு மாற்றாகப் பணத்தோடு ஓர் இளைஞரும் வந்து சேர்ந்தார். அவர் பெயர் லூ பேர்டெற். 1953இற் பிரேவ்ஸ் அணி பொஸ்டனை விட்டு மில்வோக்கி நகருக்குக் குடிபெயர்ந்தது. 1957இல் அதே யாங்கீஸ் அணியோடு உலகத் தொடரில் மோதியது. தொடரின் முடிவை நிர்ணயிக்கும் ஏழாம் ஆட்டத்துக்கு எறியவேண்டிய ஸ்பான் காய்ச்சலாற் படுத்துவிட்டார். அன்று மழையை வேண்டுவோர் எவருமில்லை. இரண்டே நாள் ஓய்வின்பின் பேர்டெற் எறிந்தார். யாங்கீஸ் அணி ஓர் ஓட்டமும் பெறாது 5-0 எனத் தோற்றது. அத்தொடரில் அது அவருடைய மூன்றாவது வெற்றி.

ஸ்பான் தமது வாழ்நாளில் 363 ஆட்டங்களை வென்றார். இடக்கை எறிவாளருள் அத்தொகையை எட்டியவர் இன்றுவரை இலர். அவருடைய பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. பெரியோரைப் புகழ்வதற்காக மற்றையோரை இகழவேண்டியதில்லை என்பதே என் வேண்டுகோள். பாட்டு இருவரை நினைவில் வைத்தது; கணக்கேடோ அனைவரையும் நினைவில் வைத்திருக்கின்றது. அபிமானியாயிருப்போன் பாட்டைப் பாடுவதோடு, இடையிடையே கணக்கேட்டையும் புரட்டிப் பார்ப்பானாயின், தன் அணியை இன்னும் நன்றாக அறிவான். அதனிடம் நீதியாகவும் நடந்துகொள்வான்.